பொன்னேரி பதினாறு தடவை

முழங்கால் கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள் சுகிர்தா. ஆட முடியாவிட்டாலும் அணியில் அவளுக்கு ஒரு வேலை இருந்தது. தங்கள் கம்பெனிப் பெண்கள் கூடைப்பந்தில் எந்தத் தாக்குதலை ஆடுகிறார்கள், அது என்ன ஆனது என்று நோட்டில் குறிக்க வேண்டும்.

தாக்குதல்கள் மூன்று. மூன்றுக்கும் ரயில் நிறுத்தங்களின் பெயர். அத்திப்பட்டு என்றால் பந்தோடு வேகமாக ஓடுவது. மீஞ்சூர் என்றால் தூரத்திலிருந்து எறிவது. பொன்னேரி என்றால் அருணா போய் எதிராளியை மறித்து நிற்பாள், அந்த இடைவெளியில் ஹெலன் புகுந்து கூடையில் போடுவாள். ஹெலன் கூடையில் போடுவது பொன்னேரியில் மட்டும்தான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்குள் நடக்கும் போட்டி அது. பாதி ஆட்டத்தில் இவர்கள் இருபத்து நான்கு, எதிரணி இருபத்திரண்டு. பயிற்சியாளர் ராஜமாணிக்கம் நோட்டை வாங்கிப் பார்த்தார். அத்திப்பட்டுக்கு நேரே இரண்டு கோடு, மீஞ்சூருக்கு மூன்று, பொன்னேரிக்கு ஏழு.

"கோடுன்னா இன்னாம்மா?"

"வீணாப் போனது சார்."

"ஏழா?" அவர் அருணாவைத் திரும்பிப் பார்த்தார். "நீ உக்காரும்மா. பொன்னேரி இனிமே வாணாம். மாவட்டப் போட்டிக்குப் பத்துப் பேர் லிஸ்ட்டு, மேட்ச் முடிஞ்சதும் குடுக்கணும். பாக்கலாம்."

அந்தப் 'பாக்கலாம்' என்ன சொல்கிறது என்பது அருணாவுக்குத் தெரியும். அணியில் இருப்பவர்களுக்குப் பயிற்சிக்காகப் பகல் ஷிஃப்ட் மட்டும். அணியை விட்டுப் போனால் இரவு ஷிஃப்டும் வரும். அவள் கணவன் அனல்மின் நிலையத்தில் மாறி மாறி ஷிஃப்ட் பார்ப்பவன். இரண்டு பேருக்கும் ஒரே இரவு வேலை விழுந்தால், ஏழு வயது மகள் வீட்டில் தனியாகக் கிடப்பாள்.

அருணா வந்து சுகிர்தாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சுகிர்தாவின் தொங்கும் காலைப் பார்த்தாள்.

"இப்டி தொங்கவுட்டுக்கினு இருந்தா வீங்கிடும்க்கா." தன் பையை இழுத்து, அதன்மேல் துண்டை மடித்துப் போட்டு, காலைப் பதமாகத் தூக்கி வைத்தாள். அவளுடைய பிழைப்பில் ஏழு கோடு கிழித்தவளின் கால் அது.

மூன்றாவது சுற்று மோசமாகப் போனது. பந்து வெளியிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. இருபத்தொன்பது, முப்பத்தாறு.

"அக்கா," என்றாள் அருணா மெதுவாக. "வீணாப் போனது ஏழு. நல்லா வந்தது எத்தினிக்கா?"

சுகிர்தா நோட்டைப் பார்த்தாள். எங்கும் இல்லை. அவள் எழுதவே இல்லை.

ஒன்பது வருடமாக அவள் வேலை, மேசைக்கு வரும் இரும்பு வளையங்களைப் புரட்டிப் பார்ப்பது. நல்ல வளையம் தட்டில் போய்விடும். கீறலோ நெளிவோ இருந்தால்தான் தாளில் ஒரு கோடு. கை அந்தப் பழக்கத்திலேயே இங்கேயும் எழுதியிருக்கிறது.

'ஆண்டவரே, மன்னியும்' என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டு, நொண்டிக்கொண்டே ஸ்கோர் மேசைக்குப் போனாள். முதல் பாதியில் ஹெலன் போட்ட கூடைகளை எண்ணினாள். இரண்டு தடவை எண்ணினாள். நேரே ராஜமாணிக்கத்திடம் போனாள்.

"சார், தப்பு என்னுது. நான் வீணானத மட்டும் எழுதிட்டேன். ஹெலன் ஒம்போது போட்டிருக்கா. ஒம்போதும் அருணா மறிச்சு நின்னதால வந்தது. பொன்னேரி பதினாறு தடவை ஆடியிருக்கோம் சார். அதிகமா ஆடுனதாலதான் கோடும் அதிகம்."

"நல்லத எழுதக் கூடாதாம்மா?"

"நல்ல பீஸ எங்க சார் எழுதறோம்? அது பாட்டுக்குப் போய்க்கினே இருக்கும்."

வளையம் சோதிக்கும் பிரிவுக்கு மேற்பார்வையாளரும் ராஜமாணிக்கம்தான். "அந்தத் தாள அப்டிப் போட்டுக் குடுத்தவனே நான்தாம்மா," என்றார். பிறகு திரும்பி, "அருணா, எறங்கு. பொன்னேரி," என்றார்.

சுகிர்தா பெஞ்சுக்குத் திரும்பி, காலை மறுபடி அருணாவின் பைமேல் வைத்துக்கொண்டாள். கடைசிச் சுற்றில் அருணா மறித்து நிற்க, ஹெலன் புகுந்துகொண்டே இருந்தாள். ஆனாலும் ஒரு புள்ளியில் தோற்றார்கள். நாற்பத்தாறு, நாற்பத்தேழு.

ராஜமாணிக்கம் சுகிர்தாவின் நோட்டை வாங்கி, கடைசிப் பக்கத்தில் பத்துப் பெயர்களை எழுதினார். முதல் பெயர் அருணா. அவள் அதைப் படித்துவிட்டு, சுவர்ப்பக்கம் போய் போனை எடுத்தாள்.

"பாப்பா, அம்மா ராத்திரில ஊட்லதான் இருப்பேன். ஆமா, தெனமும்தான். சாப்டியா?"

அதைக் கேட்டு சுகிர்தா சிரித்துவிட்டாள்.

"தோத்ததுக்கு இப்டி சிரிக்கறவங்கள இன்னிக்குதான் பாக்கறேன்," என்றாள் ஹெலன், தண்ணீர் பாட்டிலை நீட்டியபடி.

சுகிர்தா நோட்டில் புதிய பக்கத்தைத் திருப்பினாள். நடுவில் நெடுக ஒரு கோடு போட்டாள். இடப்பக்கத்தை அகலமாக விட்டு, அதன் தலையில் 'நல்லது' என்று எழுதினாள். பிறகு, அருணாவின் பையிலிருந்து காலை இறக்கி, துண்டை உதறி மடித்து வைத்தாள்.