பன்னிரண்டு மணி வரை மௌனம்

பன்னிரண்டு அடிக்க இன்னும் பதினெட்டு நிமிடம் இருந்தது. அதற்குள் கூட்டணி நாடுகளில் ஒன்றாவது மறுத்து எழுதாவிட்டால், ஒரு நாட்டின் மீதான புதிய தடைப் பட்டியல் அமலாகிவிடும். கை தூக்குவது, ஓட்டுப் போடுவது எதுவும் கிடையாது. சும்மா இருந்தாலே சம்மதம். ஹேக் நகரத்தில் உட்கார்ந்து தன் நாட்டின் சார்பில் பொருளாதாரத் தடைகளை ஒருங்கிணைக்கும் வீட்ஸ்கே, அந்தச் சும்மாவுக்கும் சேர்த்துத்தான் சம்பளம் வாங்குகிறாள்.

தம்பி ஷூர்ட் கூப்பிட்டான். லாரி ஓட்டுகிறவன். அவன் மனைவி ரீமாவின் தங்கை சாமர், தடை விழப்போகும் அந்த நாட்டில்தான் இருக்கிறாள். வாரம் மூன்று முறை டயாலிசிஸ்.

"அக்கா, ஃபில்டருக்கு ஆஸ்பத்திரி பணம் அனுப்புற பேங்க்கும் உன் லிஸ்ட்ல இருக்காமே?"

"மருத்துவச் சாமானுக்கெல்லாம் விலக்கு இருக்குடா."

"சரக்குக்கு பர்மிட் குடுத்துட்டு பாலத்த இடிச்சா என்ன ஆகும்னு லாரிக்காரனுக்குத் தெரியும்க்கா. உனக்குத்தான் பெரிய படிப்பு."

பட்டியலின் நாற்பத்தொன்றாவது வரி அது. அந்த வங்கிக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்று எழுதியவள் அவள்தான். மூன்று வாரம் முன்பு, முரண்டு பிடித்த ஒரு கூட்டணி நாட்டை வழிக்குக் கொண்டுவர, அதை விட்டுக்கொடுத்தவளும் அவள்தான். அன்று மேசையில் குண்டு விழுந்த பள்ளிக்கூடத்தின் படங்கள் கிடந்தன. படங்கள் பொய்யில்லை. சாமரின் படம் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

"மறுக்கிறோம்" என்று தட்டச்சு செய்தாள். அனுப்பினால் மொத்தப் பட்டியலும் கவிழும். திரும்பக் கட்ட நாலு மாதம், அதுவரை பள்ளிக்கூடத்தில் குண்டு போட்ட அந்த விமானங்களுக்கு எரிபொருள் போய்க்கொண்டேயிருக்கும். விரலை எடுக்கவுமில்லை, அழுத்தவுமில்லை. மணி அடித்தது. அடுத்த நிமிடமே கடிதம் வந்தது: யாரும் மறுக்கவில்லை.

சாமர் ஜனவரியில் செத்துப்போனாள்.

மார்ச்சில் ரீமாவின் பிறந்தநாள். வட்டமாக நாற்காலிகள், ஆளுக்கு ஒரு துண்டு கேக். வந்தவர்கள் வழக்கம்போல வீட்டார் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து வாழ்த்தினார்கள். ஷூர்ட் அக்காவுக்குக் கை நீட்டவில்லை. ரீமாதான் தட்டை நீட்டினாள்.

"எடுத்துக்கோங்க அண்ணி. நீங்க வருவீங்கன்னுதான் ஆப்பிள் கேக் செஞ்சேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். தட்டை வைத்துவிட்டுக் கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

எதிர்ச் சுவரில் பிறந்தநாள் காலண்டர். வருடம் போடாத காலண்டர்; சொந்தக்காரர் பேரைப் பிறந்த தேதியில் ஒருமுறை எழுதினால் ஆயுசுக்கும் அதுதான். மார்ச் இருபத்தெட்டில் ரீமாவின் சாய்ந்த கையெழுத்து: சாமர். அதை யாரும் கோடு போட்டு அடிக்கவில்லை. பக்கத்தில் நூலில் கட்டிய பேனா.

கதவு தட்டும் சத்தம்.

"அக்கா? உள்ள இருக்கியா?"

அவள் வாய் திறக்கவில்லை. கதவின் அதிர்வில் பேனா மட்டும் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது.