கேக் நனைக்கும் ஞாயிறு

எர்லீன் வீட்டுச் சமையலறையில் நின்று நாடீன் கேக்கைச் சுற்றியிருந்த துணியைப் பிரித்தபோது அது காய்ந்து விறைத்துப் போயிருந்தது. பழைய தலையணை உறையிலிருந்து கிழித்த துணி. போன ஞாயிறு போர்பன் விஸ்கியில் சொட்டச் சொட்ட நனைத்துச் சுற்றியது. ஒரே வாரத்தில் அத்தனையையும் கேக் குடித்துத் தீர்த்துவிட்டது. நவம்பர் கடைசியில் சுட்டு வைக்கிற ப்ளாக்பெர்ரி ஜாம் கேக், கிறிஸ்துமஸ் வரைக்கும் ஞாயிறுதோறும் இப்படித்தான் குடிக்கும். அவர்கள் சபையில் யாரும் மது தொடுவதில்லை. ஆனால் கிறிஸ்துமஸ் விருந்தில் போதகரே நாடீனின் கேக்குக்கு மூன்றாவது முறையும் தட்டை நீட்டுவார். அடுப்புச் சூட்டில் விஸ்கி எல்லாம் ஆவியாகிவிடும் என்பது அவர் கட்சி. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் நனைக்கிறார்கள் என்று அவரிடம் சொல்லும் துணிச்சல் இதுவரை எவருக்கும் வந்ததில்லை.

கேக் சுடுவது நாடீன் என்றாலும் கேக்கும் புட்டியும் குடியிருப்பது பக்கத்து வீட்டு எர்லீனின் அலமாரியில். காரணம், நாடீனின் கணவன் வெர்லின். விஸ்கிக் கிடங்கில் பீப்பாய் உருட்டியவன். கிடங்குகளிலிருந்து கசிகிற ஆவி படிந்து அந்த ஊரில் மரமும் சுவரும் கருத்துக் கிடக்கும். அதைவிட அதிகமாக வெர்லினுக்குள் படிந்திருந்தது. ஒரு மழை நாளில் வண்டியை ஓடைப் பாலத்தில் கொண்டுபோய் மோதினான். அவனுக்கு ஒரு கீறல் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாடீனின் இடது மணிக்கட்டு நொறுங்கிப்போனது. மறுநாள் வீட்டிலிருந்த புட்டிகளை எல்லாம் அவனே சமையலறைத் தொட்டியில் கவிழ்த்தான். கிடங்கு வேலையையும் விட்டுவிட்டுத் தீவனக் கடையில் சேர்ந்தான். பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு சொட்டு தொடவில்லை.

ஊரே அவளைக் கொடுத்துவைத்தவள் என்றது. கொடுத்துவைத்தவள்தான். ஆனால் யாரிடமும் சொல்ல முடியாத ஏக்கம் ஒன்று நாடீனுக்குள் இருந்தது. அந்தக் காலத்தில் மாலை ஐந்து மணிக்கு வெர்லின் குளித்து முடித்து வந்து, இருவருக்கும் ஆளுக்கொரு கோப்பை கலப்பான். சர்க்கரைக்குப் பதில் ஒரு கரண்டி சோளப்பாகு, சாராயத்தில் மூலிகை ஊறிய கசப்புச் சாறு இரண்டு உதறல், மேலே போர்பன், பெரிய ஐஸ் கட்டி. கலக்கும்போது கோப்பையில் காதை வைத்துக் கேட்பான். ஐஸ் முணுமுணுப்பதை நிறுத்தினால்தான் பதம் வந்துவிட்டதாகக் கணக்கு. கலந்துகொண்டே வாய் ஓயாமல் பேசுவான். கிடங்கு மேற்பார்வையாளரின் நடையை நடந்து காட்டுவான். சிரித்துச் சிரித்து அவளுக்கு வயிறு வலிக்கும். புட்டிகளோடு சேர்த்து அந்தப் பேச்சையும் தொட்டியில் கவிழ்த்துவிட்டான் போலிருக்கிறது. இப்போது மழை வரும், பல்பு போய்விட்டது, இவ்வளவுதான் பேச்சு. குடியை விட வேண்டும் என்று முழங்காலிட்டு அழுது கேட்டவள் அவள்தான். கிடைத்த பிறகு, பழைய மனுஷனைத் திருப்பித் தா என்று எந்த முகத்தோடு கடவுளிடம் போய் நிற்பாள்?

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. கேக் நனைக்கும் ஞாயிறுகளில் அவள் வீடு திரும்பும்போது வெர்லின் வாசலில் நிற்பான். அவளுடைய இடது கையை எடுத்து, தன் இரண்டு கைகளுக்குள் வைத்து, முகத்தருகே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருப்பான். குளிரில் அந்த மணிக்கட்டு வலிக்கும் என்று தெரிந்து, அதற்கு மன்னிப்புக் கேட்கிறான் என்றே அவள் எடுத்துக்கொண்டாள். மிச்ச மாதங்களை அந்த ஞாயிறுகளை நினைத்தே ஓட்டினாள்.

இந்த வருடம் எர்லீன் லூயிவில் நகரில் இருக்கும் மகள் வீட்டுக்கு முன்கூட்டியே கிளம்புகிறாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு போனால் புத்தாண்டுக்குப் பிறகுதான் வருவாள்.

"கேக்க உன் வீட்டுக்கே தூக்கிட்டுப் போடி. கேக்தானே, அதப் பிழிஞ்சா குடிக்கப்போறான்?" என்றாள். நாடீன் நனைத்து முடித்ததும் புட்டியையும் கம்பளித் துண்டில் சுற்றிப் பைக்குள் திணித்தாள்.

துணி துவைக்கும் அறையில் சோப்புத்தூளுக்குப் பின்னால் மறைத்துவிடலாம் என்று மனதுக்குள் இடம் பார்த்தபடியே நாடீன் வந்து சேர்ந்தாள். வெர்லின் வாசலில் நின்றிருந்தான். வழக்கம்போல இடது கையை எடுத்தான். முகத்தருகே கொண்டுபோனவன் பாதியில் நின்று பையைப் பார்த்தான்.

"புட்டியும் வந்திருக்கா?"

அவள் பையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

"தெரியாமலா? ஒவ்வொரு ஞாயிறும் அந்த வாசம் உன் கையிலதான வருது."

கை இன்னும் அவன் கைக்குள்தான் இருந்தது. அத்தனை ஞாயிறுகளும் ஒன்றன்பின் ஒன்றாக நாடீனின் கண்முன் வந்து நின்றன.

"அந்த வாசனைக்காகத்தான் பிடிச்சியா?"

வெர்லின் அவள் மணிக்கட்டைக் கட்டைவிரலால் வருடினான். "முதல் தடவ வலிக்குமேன்னுதான் பிடிச்சேன். அப்புறம் ரெண்டுக்கும்தான். எதுக்கு எவ்வளவுன்னு மட்டும் கேக்காத."

அவள் கையை உருவிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கேக் டப்பாவை வைத்தாள். புட்டியை எடுத்து மேசைமேல் வெளிப்படையாகவே வைத்தாள். இனி எதை மறைப்பது? அழுகை வந்தது, கோபமும் வந்தது. அவன் பின்னாலேயே வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஒண்ணு கலந்து தரட்டுமா?" என்றான். "உனக்கு மட்டும்."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். தொட்டி இரண்டடி தூரத்தில் இருந்தது. மூடியைத் திறந்து கவிழ்த்தால் முடிந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்தாகப்போகிறது.

"கலக்கும்போது பேசுவியா?" என்றாள்.

அவன் ஒரு கோப்பையை இறக்கி வைத்தான். "பேசிப் பாக்குறேன்."

ரொட்டிக்கு வாங்கிய சோளப்பாகு இருந்தது. கசப்புச் சாற்றுக் குப்பி அலமாரியின் மூலையில் மூடி இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்துத் திறக்கப் போனவன், வாயில் பட்டுவிடுமென்று சட்டென்று நிறுத்தி இடுக்கியால் திறந்தான். போர்பனை ஊற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஐஸைப் போட்டுக் கரண்டியால் சுற்ற ஆரம்பித்தான். பிறகு, மேற்பார்வையாளர் குனிந்து பீப்பாயை முகர்ந்து பார்த்தபோது பல்செட் உள்ளே விழுந்த கதையைத் தொடங்கினான். யாரிடமும் சொல்லாமல் அந்த மனுஷன் பீப்பாய்க்கு மூடி அடித்துவிட்டு, ஒரு வாரம் வாயைப் பொத்திக்கொண்டே வேலை ஏவினானாம்.

"கிடங்கு நாலாவது மாடியில இன்னும் அது ஊறிக்கிட்டுத்தான் இருக்கு," என்றான், அதே மேற்பார்வையாளரின் பொக்கை வாய்க் குரலில்.

நாடீன் சிரித்தாள். அடக்க முடியாமல், மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவன் குனிந்து கோப்பையில் காதை வைத்தான். ஐஸ் அடங்கியதும் அவள் பக்கம் தள்ளினான்.

முதல் மிடறு இறங்கியதுமே கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருடம் எங்கே வைத்திருந்தான் இதை?

"எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு."

அவன் தலையாட்டினான். அவன் பார்வை அவள்மேல் இல்லை, கோப்பைமேல் இருந்தது. கதையும் தீர்ந்துபோயிருந்தது. கோப்பையை இறக்கும்போது நொறுங்கிய இடது மணிக்கட்டு பிடிகொடுக்காமல் போர்பன் தளும்பி, விரல்களெல்லாம் நனைந்துவிட்டன. எழுந்து தொட்டிக்குப் போனாள். குழாயில் கை வைத்தாள். பின்னால் வெர்லின் நாற்காலியில் உட்கார்கிற சத்தம் கேட்டது.

கழுவினால் அந்த வாசம் போய்விடும் என்று நாடீன் குழாயைத் திறக்கவில்லை. திரும்பி வந்து அவனுக்கு எதிரே உட்கார்ந்து, ஈரக் கையை மேசைமேல் விரித்து வைத்தாள்.

வெர்லின் தன் இரண்டு கைகளையும் மடியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தான், அவள் கைக்கு ஒரு சாண் தள்ளி.