ஒரே பதிப்பு, இரண்டு முடிவுகள்

"ஒரே ரத்தம் மேடம். ரெண்டு மெஷின்லயும் போட்டேன். பழைய மெஷின் பொட்டாசியம் நார்மல்ங்குது, புது மெஷின் ஆபத்துங்குது. நான் எதை நம்புறது?" பரிசோதனைக்கூடத்துப் பெண்ணின் குரல் போனில் படபடத்தது.

"ரெண்டுலயும் நம்ம சாஃப்ட்வேர் எந்தப் பதிப்பு?"

"அதே பதிப்புதான். ஒரு புள்ளிகூட மாறல."

போனில் கேட்டுக்கொண்டிருந்தவள் அண்ணி. அலுவலகத்தில் எல்லோருக்குமே அவள் அண்ணிதான். நிறுவனத்தை நடத்துவது அவள் கணவன். பக்கத்து மேசையில் அவனுடைய தங்கை குட்டி. ரத்தப் பரிசோதனைக் கருவிகளுக்கான இலவச மென்பொருளை எடுத்து, திருத்தங்களைச் சேர்த்து, நிறுவத் தயாராகக் கட்டித் தருவது அவர்கள் தொழில். அந்தத் திருத்தங்களைப் பேட்ச் என்பார்கள். ஒவ்வொரு முறை கட்டும்போதும் பேட்ச் இணையத்திலிருந்து இறங்கும். அதன் எழுத்துகளிலிருந்து கணக்கிட்டு முன்பே குறித்துவைத்த சரிபார்ப்பு எண்ணோடு அது ஒத்துப்போக வேண்டும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் வேலை அப்படியே நின்றுவிடும்.

பழைய மாற்றங்களைத் தோண்டினாள். பழைய கருவிக்குக் கட்டியதற்கும் புதிய கருவிக்குக் கட்டியதற்கும் நடுவில் ஒரு பேட்ச்சின் எண் மாறியிருந்தது. மாற்றியவள் குட்டி.

"இதை ஏன் மாத்துன?"

"கட்டுற வேலை நின்னுச்சு அண்ணி. பேட்ச் இறங்குற தளம் அப்பப்ப தலைப்பு வரிகளை வேற மாதிரி எழுதும், எண் மாறிடும். உள்ள ஒண்ணும் மாறாது. முதல்ல எல்லாம் பிரிச்சுப் பார்த்தேன்."

"இந்தத் தடவை?"

குட்டி நகத்தைக் கடித்தாள். "புலி வருது கதையாயிடுச்சு. பார்க்கல."

"சாவி சேரலைன்னா பூட்டையே மாத்திடுவியா? உள்ள யாரு வர்றாங்கன்னு பார்க்க மாட்டியா?"

அதற்கு மேல் அண்ணி நாக்கை அடக்கிக்கொண்டாள். நாத்தனாரைத் திட்டினால் அது அலுவலகத்தோடு நிற்காது. வீட்டுக்கும் கூடவே வந்து சாப்பாட்டு மேசையில் உட்காரும்.

இரண்டு பேட்ச்களையும் ஒப்பிடலாம் என்றால் பழையது எங்கேயும் இல்லை. அந்த இணைப்பில் இப்போது புதியது மட்டுமே இறங்கியது. பழையதை வைத்திருந்த கணினியை, இடத்தை அடைக்கிறது என்று கணவன் துடைத்துவிட்டிருந்தான். மிஞ்சியது பழைய எண் மட்டும்.

"கைரேகை இருக்கு, ஆளைக் காணோம்" என்றாள் குட்டி.

பேட்ச்சை எழுதியவருக்கு அண்ணி கடிதம் போட்டாள். மதியத்துக்குள் பதில் வந்தது, பழைய கோப்போடு. குறித்துவைத்த எண்ணோடு சரிபார்த்தாள், பொருந்தியது. கூடவே இரண்டு வரி: 'அது என் முதல் வரைவு. வெப்பநிலைக்காகக் கழிக்க வேண்டியதை இரண்டு முறை கழித்துவிட்டேன், பொட்டாசியம் குறைவாகக் காட்டும். அப்போதே அதே இணைப்பில் திருத்திவிட்டேனே, நீங்கள் இன்னுமா அதைப் பயன்படுத்துகிறீர்கள்?'

அண்ணி இரண்டு முறை படித்தாள். புதியதுதான் சரி. பார்க்காமல் குட்டி விட்டது, தற்செயலாக ஒரு கருவியைக் காப்பாற்றியிருக்கிறது. தவறு பழையதில். முடிவாகாத வரைவு என்று தெரிந்தும், அவசரம் என்று அதைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்தவள் அண்ணியேதான்.

குட்டியும் திரையைப் படித்துவிட்டாள். நாற்காலியை அண்ணியின் மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

கணவன் கதவைச் சாத்திவிட்டு வந்தான். "புதுசை எல்லா இடத்துக்கும் அனுப்பிடுங்க. கேட்டா வழக்கமான அப்டேட்னு சொல்லுங்க. சும்மா கிடக்குற சங்கை ஊதிக் கெடுக்க வேணாம்."

"நார்மல்னு நம்பி எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க?"

"கம்பெனியே போயிடும்டி."

"போகட்டும்" என்றவள் குட்டி. அதுவரை அண்ணன் பேச்சை அவள் தட்டியதே இல்லை.

அண்ணியும் குட்டியும் ஆளுக்கொரு போனை எடுத்தார்கள். பழைய கருவி இருந்த ஒவ்வொரு கூடத்துக்கும் உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். சிலர் கத்தினார்கள். சிலர் பேச்சை முடிக்கவே விடவில்லை. கடைசியில் முதலில் அழைத்த பெண்ணிடமே நேரில் போய், பழைய முடிவுகளைத் திரும்பக் கணக்கிட உட்கார்ந்தார்கள். மூன்று பேருடைய அளவு ஆபத்தில் இருந்தது. இரண்டு பேரைப் பிடித்து உடனே மருத்துவரிடம் அனுப்பினார்கள். மூன்றாவது எண்ணில் ஒரு மகள் எடுத்தாள்.

"அப்பா ஆஸ்பத்திரியில இருக்காரு. நெஞ்சு துடிப்பு தாறுமாறா போகுது. ரத்த ரிப்போர்ட் நார்மல், ஏன்னே தெரியலைங்கிறாங்க. நீங்க யாரு?"

அண்ணி சொன்னாள்.

"இதை அப்படியே டாக்டர்கிட்ட சொல்லுங்க" என்று மகள் போனை மருத்துவரிடம் கொடுத்தாள்.

அவர் பிழைத்தார். லாரி ஓட்டுபவர், இனி ஓட்டக் கூடாது என்றார்கள். மகள் வழக்குப் போட்டாள். கூடங்களில் பாதி ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டன. மகளின் வழக்கறிஞர் கேட்டதற்கெல்லாம் அண்ணி ஆமாம் என்றே பதில் எழுதிக்கொண்டிருந்தாள்.

இப்போது எல்லாப் பேட்ச்களும் அவர்களுடைய கணினியிலேயே நகலாக இருக்கின்றன. வரைவு எதையும் சேர்ப்பதில்லை. ஒரு வரி மாறினாலும் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து வாய்விட்டுப் படிக்கிறார்கள். அலுவலகத்தில் குட்டி தேவைக்கு மேலேயே பேசுகிறாள். வீட்டில் கணவன் மட்டும், உப்பு வேண்டுமென்றாலும் அண்ணியிடம் கேட்காமல் தங்கையிடம் கேட்கிறான்.