மூன்று வேலைக் கொட்டகை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் சாஆ என்ற ஊர்ப் பக்கம் போனபோது மழைக்காக ஒரு பழைய கொட்டகையில் ஒதுங்கினேன். ஒரே சுவரில் கரும்பலகை, மருந்து அலமாரி, அம்மன் மாடம். மழை விடவில்லை, எனக்கும் வேறு வேலை இல்லை. கதை கட்ட ஆரம்பித்தேன்.

2

"ரப்பர் மரங்களுக்கிடையே விடியல் மெல்ல..." (வேண்டாம். எல்லாக் கதையிலும் விடிகிறது.)

1927. காலையில் ஆஸ்பத்திரி, பகலில் பள்ளிக்கூடம், மாலையில் மாரியம்மன் கோயில். அந்த ரப்பர் தோட்டத்தில் மூன்றுக்கும் ஒரே கொட்டகை. மருந்து கட்டும் டிரசர், வாத்தியார், பூசாரி மூவரும் ஒரே சபாபதி. (முதலில் மூன்று ஆட்களைத்தான் எழுதினேன். துரை சம்பளம் தர மறுத்ததால் இரண்டு பேரை அடித்துவிட்டேன்.)

3

திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய மூன்றாம் நாள், தோட்டத்தில் பால் வெட்டும் வெள்ளையம்மாவுக்குப் பிரசவ வலி எடுத்தது. முன்பு இரண்டு பிள்ளைகள் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அறையில் பிறந்து ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. இந்த முறை ஆஸ்பத்திரிதான் என்று உறுதியாக இருந்தாள். ஆனால் காப்புக் கட்டிவிட்டால் அம்மன் இரவும் பகலும் கொட்டகைக்குள்தான். அங்கே பிரசவம் என்றால் தீட்டு.

வாசலை மறித்து நின்ற சபாபதியிடம் மருத்துவச்சி காளியம்மா கேட்டாள்.

"இப்ப நீங்க யாருங்க? டிரசரா, பூசாரியா?"

"பூசாரி."

"அப்ப டிரசரக் கூப்பிடுங்க."

(இங்கே சபாபதிக்கு ஒரு நல்ல வசனம் எழுதப் பார்த்தேன். "தாயே, நான்..." வேண்டாம். அவர் வாசலை விட்டு விலகினார், அவ்வளவுதான்.)

"ஆத்தா மழையில நிப்பா. இவ நிக்க மாட்டா" என்று சொல்லிவிட்டு, காளியம்மா மற்ற பெண்களோடு சேர்ந்து அம்மனின் மரச்சிலையைத் தூக்கி வெளியே ஜன்னலோரம் வைத்தாள். வெள்ளையம்மாவை உள்ளே படுக்க வைத்தார்கள்.

4

சபாபதியும் ஜன்னலுக்கு வெளியேதான் நின்றார். காப்புக் கட்டிய வலது கையில் அம்மனுக்குக் குடை. இடது கையால் வெந்நீரில் போட்டெடுத்த கத்தரிக்கோலையும் பஞ்சையும் உள்ளே நீட்டினார்.

"எடது கையால தரேன், தப்பா நெனைக்காதம்மா."

"இப்பதான் டிரசரும் வந்திருக்காரு" என்று காளியம்மா வாங்கிக்கொண்டாள்.

5

முடிவு ஒன்று: அம்மனே வந்து பிரசவம் பார்த்தாள். (காளியம்மா என்னைச் சும்மா விடமாட்டாள்.)

முடிவு இரண்டு: பிள்ளை... (எழுதினேன், அடித்துவிட்டேன். மூன்றாவது முறையும் அதை வெள்ளையம்மாவிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.)

தீமிதி நடந்ததா, அம்மன் எப்போது உள்ளே வந்தாள், மறுநாள் பள்ளிக்கூடம் உண்டா, எல்லாம் உங்கள் விருப்பம். எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளை மட்டும் அழ வேண்டும். மழைச் சத்தத்தைத் தாண்டி, குடை பிடித்து நிற்கும் சபாபதிக்குக் கேட்க வேண்டும்.