இருமுறை திருத்திய வெப்பம்

சொல்லாமல் உதவி செய்வது அண்ணிக்கு ஒரு வியாதி. கொடியில் யாருடைய துணி காய்ந்தாலும் மடித்து வைத்துவிடுவாள். யார் மடித்தது என்று கேட்டால் காதே கேட்காதவள் போல அடுப்பைப் பார்ப்பாள். நல்ல குணம்தான், யார் இல்லை என்றது? அந்த நல்ல குணம்தான் நாத்தனாரின் உழைப்புக்கு உலை வைத்தது.

நாத்தனாரை வீட்டில் வாலு என்பார்கள். வயது முப்பதை எட்டியும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. இருவருக்கும் வேலை ஒரே ஆய்வுக்கூடத்தில். குளிரூட்டும் எந்திரத்துக்கும் பெரிய காந்தத்துக்கும் பொறுப்பான விஞ்ஞானி அண்ணி. வாலு ஆராய்ச்சி மாணவி. திங்கட்கிழமை காலை அவளுக்கு வாய்மொழித் தேர்வு. அதைக் கேட்க வெளியூரிலிருந்து ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர் வருகிறார். வாலு கண்டுபிடித்த லேசான எலக்ட்ரான்மேல் அவருக்கு ஒரு கண். தேர்வில் அது எடுபட்டுவிட்டால் தம் நிறுவனத்திலேயே வேலை என்று சொல்லிவைத்திருந்தார்.

அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக் கூடத்தில் ஒத்திகை. சோபாவில் வாலுவின் அம்மாவான அத்தையும் அண்ணியின் கணவரும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி சமையலறை வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சுவரில் படம் விழ, வாலு தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"வெட்டவெளியில எலக்ட்ரானுக்குன்னு ஒரு நிறை இருக்கு. படிகத்துக்குள்ள வந்துட்டா சுத்தியிருக்கிற அணுக்கள் எல்லாம் அத இழுக்கும், தள்ளும். அந்த இழுபறி மொத்தத்தையும் அதோட நிறையிலயே சேர்த்து எழுதிடுவோம். அதுதான் பயனுறு நிறை."

"உங்க அண்ணன் மாதிரின்னு சொல்லு," என்றாள் அத்தை. "இந்த வீட்டுக்குள்ள இருக்க இருக்க எடை ஏறிட்டே போகுது."

"அம்மா, சும்மா இரேன்! நிறை கூடவும் செய்யும், குறையவும் செய்யும். என் படிகத்துல, கோட்பாடு சொல்றத விட ஏழுல ஒரு பங்கு கம்மி. ஏன்னு யாருக்கும் தெரியல."

"எந்தத் தராசுலடி நிறுத்துப் பாத்த?" என்றார் அண்ணன்.

"காந்தத்துக்கு நடுவுல வெச்சுக் குளிர வைப்போம். மின்தடை அலை அலையா ஏறி இறங்கும். சூடு ஏற ஏற அந்த அலை அடங்கிடும். கனமான எலக்ட்ரான்னா சட்டுனு அடங்கும். லேசானதுன்னா கொஞ்சம் சூட்டையும் தாக்குப்பிடிக்கும். இந்தா பாரு, இந்த முதல் புள்ளி திரவ ஹீலியத்துல முக்கி எடுத்தது."

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். படத்தில் அது நின்ற இடம் நாலு புள்ளி ஒன்பது கெல்வின். திறந்த தொட்டியில் ஹீலியம் நாலு புள்ளி இரண்டுக்கு மேல் திரவமாக இருக்காது, கொதித்து ஓடிவிடும். அண்ணிக்கு அது சொந்த வீட்டு விலாசம். அவளுக்குப் பகீர் என்றது.

விஷயம் இதுதான். பலமான காந்தத்துக்கு நடுவே அந்த ஆய்வுக்கூடத்து வெப்பமானி கொஞ்சம் பொய் சொல்லும். இருப்பதைவிடக் குளிராகக் காட்டும். எவ்வளவு பொய் என்பது தெரிந்ததால், மாணவர்கள் கணக்குப் போடும்போது அதை அவரவரே கூட்டிக்கொள்வது அங்கே வழக்கம். வாலு காய்ச்சலோடு அளவெடுத்துக்கொண்டிருந்த நாட்களில், பாவம் என்று அண்ணி அந்தத் திருத்தத்தை அவளுடைய கணினி நிரலிலேயே போட்டு வைத்தாள். வழக்கம்போல மூச்சு விடவில்லை. வாலுவும் வழக்கம்போலத் தானே ஒருமுறை கூட்டினாள். இல்லாத சூடு கணக்கில் ஏறியது. இத்தனை சூட்டிலும் அலை நிற்கிறதே, அப்படியானால் எலக்ட்ரான் லேசு என்று விடை வந்தது. லேசும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

நாளை ஒரு நாள் வாயை மூடிக்கொண்டால் போதும் என்று அண்ணிக்குத் தோன்றாமல் இல்லை. வேலை கிடைக்கட்டும், பிறகு பார்க்கலாம். ஆனால் அந்தப் புள்ளியை அந்த இயக்குநரும் பார்ப்பார். பத்துப் பேர் நடுவில் அவர் கேட்டால் பெண் எங்கே போய் நிற்பாள்? அண்ணி வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"வாலு, இங்க கொஞ்சம் வாயேன்."

சமையலறையில் வைத்துச் சொன்னாள். வாலு முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது.

"அந்தப் புள்ளிய நானும் பாத்தேன் அண்ணி. தொட்டியில அழுத்தம் ஏறியிருக்கும், அதான் கொதிக்கிற சூடும் ஏறிடுச்சுன்னு நினைச்சேன். உங்க எந்திரமாச்சே, தப்பா இருக்காதுன்னு விட்டுட்டேன்."

அத்தை எட்டிப் பார்த்தாள். "நாளைக்குத் தேர்வ வெச்சுக்கிட்டு இப்ப போய்ப் புள்ளைய ஏம்மா கலங்கடிக்கிற? உனக்கு அவ மேல என்ன கோவம்?"

அண்ணிக்குச் சுருக்கென்று தைத்தது.

வாலு சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து ஒரு திருத்தத்தை எடுத்துவிட்டு மறுபடியும் கணக்குப் போட்டாள். கோட்பாடு சொன்ன நிறை அச்சுப் பிசகாமல் வந்தது. எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்த, எந்த இயக்குநரும் ஊர்விட்டு ஊர் வந்து கேட்காத விடை.

"ஏன் அண்ணி எங்கிட்ட சொல்லல?"

"இதெல்லாம் சொல்லணுமான்னு விட்டுட்டேன். சொல்லிக் காட்டற மாதிரி ஆயிடுமேன்னு."

"இன்னும் என்னெல்லாம் சொல்லாம செஞ்சிருக்கீங்க?"

அண்ணி காந்தத்துக்குக் காத்திருந்தவர்களிடம் கெஞ்சி வாலுவை முன்னால் விட்டதைச் சொன்னாள். அவளுடைய முதல் கட்டுரையில் பிழை திருத்தியதைச் சொன்னாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "உன்ன ஆராய்ச்சிக்கு எடுத்துக்கச் சொல்லி உங்க பேராசிரியர்கிட்ட நான்தான் பேசினேன்," என்று அதையும் சொல்லிவிட்டாள்.

வாலுவின் முகம் செத்துப்போனது. அந்த இடம் தன் மதிப்பெண்ணுக்குக் கிடைத்தது என்றுதான் இத்தனை காலம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அப்போ இதுல என் நிறை எவ்வளவு அண்ணி? சுத்தி இருக்கிறதெல்லாம் கழிச்சுட்டா?"

"அப்படிப் பேசாதடி."

"தெரியாமத்தான் கேக்கறேன். எனக்கே தெரியல."

அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த வீட்டில் அந்தக் கதவு சாத்தி யாரும் பார்த்ததில்லை. சாயங்காலம் அண்ணி வாலுவின் நீலச் சட்டையைத் தேய்த்து, கதவின் கொக்கியில் மாட்டிவிட்டு வந்தாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

காலையில் வாலு வெளியே வந்தபோது அவள் போட்டிருந்தது வேறு சட்டை, பெட்டியிலிருந்து எடுத்த மடிப்போடு. நீலச் சட்டை கொக்கியிலேயே தொங்கியது.

"படத்த மாத்திட்டேன்," என்றாள். "கோட்பாடு சொன்னது சரிதான், நான் முதல்ல ரெண்டு தடவ திருத்திட்டேன்னு நானே சொல்லப் போறேன். வேலை போனா போகட்டும்."

"நானும் வரேன் வாலு. தப்பு என்னோடது."

"வேண்டாம் அண்ணி. எனக்கு ஒரே ஒரு உதவி செய்யுங்க. யார்கிட்டயும் எனக்காகப் பேசாதீங்க. இது ஒண்ணையாவது நானே சுமந்துக்கறேன்."

அண்ணி தலையாட்டினாள். வாலு செருப்பை மாட்டிக்கொண்டாள். அவள் வாசலைத் தாண்டியிருந்தால் அண்ணி அந்த விஷயத்தைச் சொல்லாமலே போயிருக்கும்.

"வாலு, நில்லு. ஒண்ணு சொல்லணும்."

வாலு திரும்பினாள். அண்ணியின் முகத்தைப் பார்த்தாள், கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"பேசிட்டீங்களா?"

"விடிஞ்சதும் பேராசிரியர்கிட்ட பேசினேன். குத்தம் பூரா என்னோடது, உன் மேல ஒண்ணுமில்லன்னு. அந்த இயக்குநர்கிட்டயும் சொல்லிடறேன்னார்."

செய்த உதவியைச் செய்த அன்றே அண்ணி வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. வாலு திட்டவில்லை, அழவில்லை. சட்டையின் மடிப்பைக் கையால் நீவிவிட்டுக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள்.