பத்தாவது காம்பராவின் விலாசம்

போன வருஷம் தை மாதம், டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், பத்து ஒற்றையறைக் காம்பராக்கள் ஒட்டி நின்ற லயம் ஒன்றில், நாகலெட்சுமியின் காம்பராவுக்கு மேலே மட்டும் ஒரு செயற்கைக்கோள் வந்து நின்றது. கூரைத் தகரத்திலிருந்து பத்தடி உயரம். ஜப்பான் கம்பெனி ஒன்றின் சரக்கு. முன்பு அரசாங்கங்கள்தான் அனுப்பின, இப்போது ஆளாளுக்கு அனுப்புவதால் மேலே இடமில்லை, அதுதான் இறங்கி நிற்கிறது என்று தோட்டத்து ஆபிஸ் கிளாக்கர் ஐயா விளக்கினார். லயத்துக்காரர்கள் இரண்டே நாளில் பழகிக்கொண்டார்கள்.

ஆனால் அது நாகலெட்சுமிக்கு விலாசம் கொடுத்துவிட்டது. அந்த லயத்தில் யாருக்கும் தனி விலாசம் கிடையாது. கடிதங்கள் தோட்டத்து ஆபிசில் குவியும், கிடைத்தால் கிடைத்தது. இப்போது உலக வரைபடங்களில், கோள் நிற்கும் இடமாக, அவள் வீடு தனியாகத் தெரிந்தது. தபால்காரர் பொன்னையா நேரே அவள் வாசலுக்கே வந்தார்.

அடுத்த காம்பரா ரத்னாவுக்கு வயிறு எரிந்தது. அவள் மகள் சர்மிளாவுக்கு வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதம், தேதி கடந்து மூன்று வாரத்துக்குப் பிறகு ஆபிஸ் மேசைக்கடியில் கிடைத்திருந்தது. ஆசிரியர் வேலைக்கு மறுபடி விண்ணப்பித்திருந்தாள். வயது எல்லைப்படி இதுவே கடைசித் தடவை.

"என்னா பெரிய அதிசயம்? காக்கா உக்காரத்தான் லாயக்கு," என்றாள் ரத்னா, நாகலெட்சுமிக்குக் கேட்கும்படி.

பிறகு நார்வே, இந்தியா, பிரேசில் கம்பெனிகள் வந்தன. கொரியாவும் ஒல்லாந்தும் கூட்டாக ஒன்றை நிறுத்தின. மார்கழிக்குள் பத்துக் காம்பராவில் ஒன்பதுக்கு வந்துவிட்டது. ஆயுளில் கடிதமே பார்த்திராத அழகையாவுக்குக்கூட வந்தது. ரத்னா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள், கூரையைக் கழுவினாள், மூன்று கம்பெனிகளுக்கு மகளைக் கொண்டு எழுதினாள். பதில் வந்திருந்தால் ஆபிசில்தான் கிடக்கும்.

ஒரு வியாழக்கிழமை அவள் வேலைக்குப் பேர் கொடுக்கும் காலைப் பெரட்டுக்குப் போகாமல் கூரையில் ஏறினாள். "எனக்கு மட்டும் என்னா கொறச்சல்?" என்று நாகலெட்சுமியின் கோளை முறைத்தாள். அந்த எரிச்சலில் கால் தகரத்தை விட்டு எழும்பியது. பத்தடியில் நின்றுவிட்டாள்.

"எறங்கி வாம்மா," என்று அழுதாள் சர்மிளா.

"கடுதாசி வரட்டும்."

பதினோராம் நாள் பொன்னையா சர்மிளா பேருக்கு வந்த பதிவுத் தபாலோடு வந்து அண்ணாந்து பார்த்தார். "ரத்னாக்கா, ஒங்க வீடும் மேப்புல வந்திருச்சுங்க," என்றார். நேர்முகப் பரீட்சைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

சர்மிளா இப்போது பொகவந்தலாவைப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். இந்த வருஷத்துச் சர்வதேசச் செயற்கைக்கோள் பட்டியலில் ஒன்பது கோள்களுக்குக் கீழே ரத்னாவின் பெயரும் இருக்கிறது. தேத்தண்ணியை நீளக் கம்பில் மாட்டி நீட்டுகிறார்கள். வேலை கிடைத்துவிட்டதே, இறங்கலாமே என்று கேட்பவர்களுக்கு அவள் பக்கத்துக் கூரையைக் காட்டுகிறாள். இப்போது நாகலெட்சுமியின் கோளைவிட ஒரு முழம் உயரத்தில் நிற்கிறாள்.