பெயர் சேர்க்காத சங்கீதம்

டாலஸிலிருந்து வெகுதூரம் தள்ளியிருந்த டிரை ஃபோர்க் என்ற சின்ன ஊரில் இஸ்ரேல் கொடி பறக்கிற வீடு ஒன்றே ஒன்றுதான். அது யூதர் வீடு இல்லை. பாப்டிஸ்ட் சபையின் புதன்கிழமை ஜெபக்குழுவை நடத்துகிற வெர்லீன் ஹாஸ்க்யூவின் வீடு. ஊரிலிருந்த ஒரே யூதக் குடும்பம், சீமோர் ஸெல்னிக்கும் அவர் மனைவி செல்மாவும், நேர் எதிர்வீட்டில் இருந்தார்கள். அவர்கள் வாசலில் ஒரு கைக்குட்டைகூடப் பறந்ததில்லை. புதிதாக வந்த தபால்காரன் பாவம், என்ன செய்வான்? ஸெல்னிக் என்ற பெயரைப் பார்த்தான், கொடியைப் பார்த்தான், அவர்கள் தபாலையெல்லாம் வெர்லீன் வீட்டுப் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

"என் கரண்ட் பில்லையும் நீயே கட்டிடேன்டி. கொடியெல்லாம் வெச்சிருக்க, பெரிய மனுஷி" என்று செல்மா சாலையைக் கடந்து வந்து கேட்டாள்.

இரண்டு பேருக்கும் அப்படி ஒரு பழக்கம், முப்பது வருஷமாக. வெர்லீன் சபைக் கூட்டத்தோடு எருசலேம் பயணம் போய்வந்தபோது யோர்தான் ஆற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து, கண் கலங்க செல்மா கையில் கொடுத்தாள். செல்மா அதை ஜன்னலோரத்து ஜெரேனியம் செடிக்கு ஊற்றினாள். "செடி நல்லாத்தான் இருக்கு, இன்னும் ஞானஸ்நானம் கேக்கல" என்றாள். வெர்லீன் இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். மூன்றாம் நாள் முட்டை கடன் வாங்கப் போனாள்.

இஸ்ரேலுக்காக உபவாசம், இஸ்ரேலுக்காகக் காணிக்கை, எருசலேமின் சமாதானத்துக்காக ஜெபம் என்று வெர்லீன் ஓடிக்கொண்டே இருப்பாள். செல்மா சும்மா விடமாட்டாள். "எங்களையெல்லாம் மூட்டை கட்டி அங்க அனுப்பிட்டா உங்க ஆளு இயேசு சீக்கிரம் திரும்பி வந்துருவாருன்னு பாக்குறீங்க. நான் டாலஸுக்கே போக மாட்டேன்டி, முட்டி வலிக்குது" என்பாள்.

அந்தச் செல்மா, பிப்ரவரியில் ஐஸ் மழை கொட்டி ஊரே கண்ணாடியாகிக் கிடந்த ஒரு விடியற்காலையில், தூக்கத்திலேயே செத்துப்போனாள்.

சீமோர்தான் போன் செய்தார். ஊரில் இருக்கிற ஒரே அடக்க நிலையத்தின் பின்னறையில் செல்மாவை வைத்திருந்தார்கள். அடக்கம் ஆகிறவரை உடலைத் தனியே விடக்கூடாது, யாராவது பக்கத்தில் உட்கார்ந்து வேதத்திலுள்ள சங்கீதப் பாட்டுகளை வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும், அது அவர்கள் வழக்கம். உடலைக் கழுவி வெள்ளை உடுத்திவிடுகிற யூதப் பெண்கள் டாலஸிலிருந்து கிளம்பிவிட்டார்கள். சாலை விட்டால் சாயங்காலம் வருவார்கள். சிகாகோவிலிருக்கும் மகனுக்கு விமானம் கிடைக்கவில்லை. சீமோருக்கோ இடுப்பு எலும்பு உடைந்து கம்பி வைத்த உடம்பு.

"எங்க குரு, ராபிகிட்ட கேட்டேன் வெர்லீன். யூதங்க யாரும் இல்லேன்னா நம்பிக்கையான ஒருத்தர் உட்காரலாம்னாரு. உன்னை விட்டா எனக்கு யாரும்மா இருக்கா?"

"இதோ வந்துட்டேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள். வைத்த கையை எடுக்கவே முடியவில்லை.

ஏனென்றால் போன அக்டோபரில் செல்மா இதையே கேட்டிருந்தாள். சமையலறையில் இரண்டு பேரும் பீக்கன் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். செல்மா தலை நிமிராமலே சொன்னாள்: "நான் போயிட்டா எனக்குச் சங்கீதம் வாசிக்க இந்த ஊர்ல ஆள் கிடையாது. நீதான் வாசிக்கணும். ஆனா ஒண்ணுடி, முடிவுல உங்க ஆள் பேரைச் சேர்க்கக் கூடாது. அது எங்க பாட்டு. எழுதினபடியே வாசி, போதும்."

வெர்லீன் திடுக்கிட்டுப் போனாள். "பேரைச் சொல்லாம எப்படிடி ஜெபிக்கிறது? அவரை மறுதலிச்ச மாதிரி ஆயிடாதா?"

"சரி, விடு" என்றாள் செல்மா. அப்புறம் பீக்கன் பை பலகாரம் எத்தனை நேரம் அடுப்பில் இருக்க வேண்டும் என்று பேச்சு மாறிவிட்டது. ஆனால் அவள் முகம் வாடிப்போனதை வெர்லீன் பார்த்தாள். வாக்குக் கொடுக்கவும் இல்லை, மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. அதற்குள் இவள் போய்ச் சேர்ந்துவிட்டாள், சண்டாளி.

பின்னறை சின்னதுதான். செல்மாவை வெள்ளைத் துணியால் முழுக்க மூடியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு நாற்காலி. சீமோர் வாக்கரைப் பிடித்தபடி நின்றார், முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அறைக்குள் சாப்பிடக்கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது, செத்தவளால் முடியாததை அவள் முன்னால் செய்யக்கூடாது என்று சொன்னார். வெர்லீன் தன் வேதப் புத்தகத்தைத் திறந்து முதல் சங்கீதத்தை வாசித்தாள். கடைசி வரி முடிந்தது. வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது: "இயேசுவின் நாமத்தினாலே, ஆமென்."

ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அறுபத்தி மூன்று வருஷத்துப் பழக்கம். சோற்றுக்கு முன்னால், தூக்கத்துக்கு முன்னால், கார் சாவியைத் திருப்பும் முன்னால் சொல்லிச் சொல்லி வாயில் ஊறிப்போனது.

"செல்மா இருந்திருந்தா செருப்பைத் தூக்கி எறிஞ்சிருப்பா" என்றார் சீமோர். சிரிக்கத்தான் பார்த்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. நிலையத்துக்காரர் அவரைக் கைப்பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போனார்.

அதற்குப் பிறகு வெர்லீன் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தாள். ஒவ்வொரு சங்கீதம் முடியும்போதும் இருட்டில் மாடிப்படி இறங்குகையில் கடைசிப் படி இல்லாமல் போனதுபோல் கால் தவறியது. பிடிபட்ட இயேசுவை எனக்குத் தெரியாது என்று நெருப்பருகே நின்று சொன்ன சீடன் பேதுருவின் ஞாபகம் வந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று அதற்கும் கீழே கிடந்தது. இயேசுவை ஏற்காதவர்களுக்குப் பரலோகம் இல்லை என்று அவள் சபை சொல்லிக்கொடுத்தபடி பார்த்தால், இந்த நேரத்தில் செல்மா எங்கே இருக்கிறாள்? முப்பது வருஷமாக இந்தக் கேள்வியை ஒதுக்கி ஒதுக்கியே நாளை ஓட்டியிருந்தாள். இன்றைக்கு அது வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு எதிரிலேயே படுத்திருந்தது. ஒதுங்க இடமில்லை.

மதியம் வாக்கில் கதவு தட்டும் சத்தம். ஜெபக்குழு வாண்டா ஃபே, கையில் கோழியும் சீஸும் போட்டுச் சுட்ட கேசரோல் தட்டு, ஆவி பறக்க. பின்னால் பாஸ்டர் ரோஸ்கோ, நாற்பது வயது, நல்ல மனுஷன், பனியில் வழுக்கி விழுந்த கறை முழங்காலில். அவர் கக்கத்தில் மடித்த துணி.

"சாப்பிடாம கிடப்பீங்களேன்னு சூடா கொண்டாந்தேன்க்கா."

"வாண்டா, வெளிய, வெளிய! அடியெடுத்து வைக்காதே!" என்று வெர்லீன் போட்ட சத்தத்தில் கேசரோல் தட்டே ஆடிப்போனது. காரணத்தைச் சொன்னதும் வாண்டா ஃபே பயந்து, தட்டோடு வாசல்வரை ஓடிவிட்டாள்.

ரோஸ்கோ கக்கத்துத் துணியை விரித்தார். நீலமும் வெள்ளையும், நடுவில் நட்சத்திரம். சபை மேடையில் நிற்கிற கொடிதான். "பெட்டி மேல போர்த்தலாம்னு எல்லாரும் ஆசைப்படுறாங்க சிஸ்டர். நம்ம அன்புக்கு ஒரு அடையாளமா."

"பாஸ்டர், அவ பொறந்தது இங்க பக்கத்துல வேகோவுல. சாகறவரைக்கும் டாலஸ் கவ்பாய்ஸ் ஃபுட்பால் ஆட்டம் பார்த்துக் கத்தினவ. அவங்க வழக்கத்துல பெட்டி மேல பூகூட வைக்க மாட்டாங்களாம். மடிச்சு வைங்க."

ரோஸ்கோவின் காது சிவந்தது. நல்லது செய்ய வந்து திட்டு வாங்கினவரின் முகம். கொடியை மடித்தார். ஓர் ஓரமாக நின்று, அவள் ஒரு சங்கீதம் வாசித்து முடிக்கும்வரை கேட்டார். முடிவில் வழக்கமான வார்த்தை வராததைக் கவனித்துவிட்டார்.

"சிஸ்டர், நீங்க அவர் நாமத்தைச் சொல்லல."

"சொல்லல."

"இவ்வளவு வருஷம் இவங்களுக்காக நீங்க கண்ணீர் விட்டு ஜெபிச்சீங்க. கடைசி நேரத்துல அந்தப் பேருக்கே வெட்கப்படுறீங்களா?"

காலையிலிருந்து அவள் தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்வி. வெர்லீன் பக்கத்தைப் புரட்டி அடுத்த சங்கீதத்தை ஆரம்பித்தாள். அது இருபத்திரண்டாவது. கடவுளே ஏன் என்னைக் கைவிட்டீர் என்ற கதறலோடு தொடங்குகிறது.

முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். புத்தகத்தை மடியில் வைத்தாள்.

"பாஸ்டர், இதை அவர் சிலுவையில தொங்கிக்கிட்டே சொன்னாரில்ல?"

"ஆமா."

"அப்ப முடிவுல யாரு பேரைச் சேர்த்தாரு?"

ரோஸ்கோ அவள் மடியிலிருந்த புத்தகத்தைக் குனிந்து பார்த்தார்.

"அவரோட அம்மா சின்ன வயசுல சொல்லிக்கொடுத்தபடி, யூதங்க சொல்றபடி, எழுதினபடியே சொன்னாரு. உசிரு போற நேரத்துல அவருக்கே அது போதுமா இருந்திருக்கு. அதே மாதிரி நான் செல்மாவுக்குச் சொன்னா, அவரை எப்படி பாஸ்டர் மறுதலிச்சவ ஆவேன்? இதைத்தான் இவ என்கிட்ட கேட்டா. நான் சரின்னு சொல்லல. அக்டோபர்லேயே சொல்லியிருக்கலாம், பாவி நான்." வெர்லீன் அழுதாள். அழுகையை மறைக்கவும் இல்லை.

ரோஸ்கோ மெல்லச் சொன்னார்: "தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல சிஸ்டர். சரின்னும் சொல்லத் தெரியல." பிறகு அவள் உதடு வெடித்திருந்ததைப் பார்த்தார். "போய்த் தண்ணி குடிச்சிட்டு வாங்க. நான் உட்காருறேன்."

வெர்லீன் புத்தகத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். தண்ணீர் டம்ளரை வாங்கினாள், குடிக்கவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே ரோஸ்கோவின் பிரசங்கக் குரல், சற்றுத் தயங்கித் தயங்கி, அந்த இருபத்திரண்டாவதையே தொடக்கத்திலிருந்து வாசித்தது. முடிந்தது. வெர்லீன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே ஒரு செருமல். நாற்காலி கிறீச்சிட்டது. அப்புறம் அவர் அடுத்த சங்கீதத்தை ஆரம்பித்தார்.

டம்ளர் தண்ணீரை அவள் ஒரே மூச்சில் குடித்தாள்.

சாயங்காலம் மூன்று பெண்கள் வந்து சேர்ந்தார்கள், பூட்ஸெல்லாம் ஐஸ். அப்போது வெர்லீன் இருப்பதிலேயே நீளமான அந்த நூற்றுப்பத்தொன்பதாம் சங்கீதத்தின் நடுவில் கரகரத்த தொண்டையோடு போராடிக்கொண்டிருந்தாள். அவர்களில் மூத்தவள் கோட்டைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"நீங்க சொந்தமா?"

"எதிர்வீடு."

"எங்க நிறுத்தினீங்க?"

வெர்லீன் விரலை வைத்துக் காட்டினாள். அந்தப் பெண் தன் பையிலிருந்து எபிரேயப் புத்தகத்தை எடுத்து, அதே சங்கீதத்தில் அதே வரியைத் தேடிப் பிடித்து, உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். முதலிலிருந்து மறுபடி ஆரம்பிக்கவில்லை. அதைக் கண்டதும்தான் வெர்லீனுக்கு உடம்பு தளர்ந்தது. காலையிலிருந்து வாசித்ததெல்லாம் செல்லும் என்று யாரோ சொன்ன மாதிரி இருந்தது. துணியைத் தொடலாமா என்று கேட்டாள். தொடலாம் என்றார்கள். செல்மாவின் பாதம் இருக்குமிடத்தில் கையை வைத்தாள். "செஞ்சுட்டேன்டி" என்றாள்.

வாசல் கூடத்தில் ரோஸ்கோ காத்திருந்தார், அவளைக் காரில் கொண்டுபோய் விட. வெர்லீன் சாவியைத் தேடுகிறவள் போல நின்றாள், பிறகு கைப்பையைக் கீழே வைத்தாள்.

"ஒரு நிமிஷம் பாஸ்டர். நான் ஜெபிக்கணும்."

"யாருக்காக?"

"யாருக்காகன்னு தெரியாதா உங்களுக்கு?"

"செத்தவங்களுக்காக நாம ஜெபிக்கிறதில்ல சிஸ்டர்" என்றார் ரோஸ்கோ. கடுமையாகச் சொல்லவில்லை. அவர் படித்தது அதுதான், அவளும் நம்பியது அதுதான்.

"தெரியும். நீங்க வேணும்னா கண்ணைத் திறந்தே வெச்சுக்கோங்க."

வெர்லீன் கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, அவ உம்ம சொந்தக்காரி. உம்ம அம்மா ஜாதி, உம்ம அப்பா ஜாதி. என்னைவிட உமக்கு அவதான் கிட்ட. எங்க பாட்டன் முப்பாட்டனெல்லாம் மரத்தையும் கல்லையும் கும்பிட்டுக்கிட்டிருந்தப்ப அவங்க வீட்டுல உம்ம வேதம் வாசிச்சாங்க. நான் வெளியிலேருந்து வந்தவ, எனக்கே நீர் எடம் குடுத்தீர். அவளுக்கு இல்லேன்னு சொன்னா அது எனக்கு நல்லா இல்ல. அவ்வளவுதான் சொல்ல முடியும். உம்ம வீட்டு மனுஷியை நீரே பாத்துக்கும். இயேசுவின் நாமத்தினாலே."

ஆமென் சொல்ல அவளுக்குக் குரல் எழவில்லை. உள்ளறையில் எபிரேயத்தில் சங்கீதம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. ரோஸ்கோ கண்ணைத் திறந்தேதான் வைத்திருந்தார்.

"ஆமென்" என்றார்.